அப்பாவின் வில்லுக்கு ஒரு நாண்

கடந்த ஆடி மாதம், வண்டிப்பெரியாற்றில் மூன்று வாரமாக வெயில் தலைகாட்டாதிருந்த நாள்களில், பரணில் கிடந்த பொருள்களை ஒவ்வொன்றாக இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். அவற்றோடு அப்பாவின் வில் இருந்த பச்சைத் துணிப் பையும் இறங்கியது. வில்லுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஆனால் நாணின் கீழ்க்கண்ணியை, அதாவது வில்லின் கீழ் நுனியில் மாட்டும் வளையத்தை, எலி கடித்திருந்தது. நடுவில் சுற்றியிருந்த நூல் பிரிந்து, உள்ளிருந்த இழைகள் பஞ்சாக எழும்பியிருந்தன. அந்த நாணை இனி ஏற்ற முடியாது என்பது பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஒரு கயிறுதானே, வாங்கி மாட்டினால் போயிற்று என்றுதான் அன்று நினைத்தேன். சரியான நாணைத் தேர்ந்து, அதை வில்லில் ஏற்றி, முதல் அம்பை விடுவதற்கு ஐப்பசி பிறந்துவிட்டது. அந்த மூன்று மாதங்களில் கற்றுக்கொண்டவற்றை, நுனிகள் வெளிப்பக்கம் வளைந்த பழைய ரிகர்வ் வில் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு நாணுக்காகக் காத்திருப்பவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் வில்லைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் நாண் எதுவாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது வில்தான். அப்பா பீர்மேடு பகுதித் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பீல்டு ஆபீசராக இருந்தார். எழுபதுகளின் இறுதியில் அங்கிருந்த துரை தம் நாட்டுக்குத் திரும்பியபோது, பங்களாவில் இருந்த பொருள்களைத் தம்மிடம் வேலை பார்த்தவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தாராம். மற்றவர்கள் நாற்காலியும் கிராமபோனும் வாங்கிக்கொள்ள, அப்பா இந்த வில்லைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அமெரிக்காவில் பிரெட் பேர் என்பவர் நிறுவிய பேர் ஆர்ச்சரி நிறுவனத்தின் கிரிஸ்லி வகை வில் அது. அந்த நிறுவனம் மிச்சிகன் மாநிலத்தின் கிரேலிங் ஊரில் இயங்கி, 1978-இல் புளோரிடா மாநிலத்தின் கெயின்ஸ்வில்லுக்கு இடம் மாறியது. எங்கள் வில் கிரேலிங் காலத்தது. மரத்தின் இருபுறமும் பைபர் கிளாஸ் பட்டை ஒட்டிச் செய்யப்பட்ட, கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் வில்லின் கைகள், கரும்பழுப்பு மரத்தில் இழைத்த கைப்பிடி, முனையில் வெளிப்பக்கம் வளைந்து திரும்பும் நுனிகள். கைப்பிடிக்கு அருகே சிறு எழுத்தில் 58 அங்குலம் என்றும், 28 அங்குலம் இழுத்தால் 45 பவுண்டு என்றும் எழுதியிருக்கும். வேட்டைக்காரர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட வில்தான் என்றாலும், பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டி வாழும் எங்கள் வீட்டில் அது வைக்கோல் கட்டைத் தவிர வேறெதையும் குறிவைத்ததில்லை. அப்பா அந்த விஷயத்தில் மிகக் கண்டிப்பானவர்.

இணையத்தில் வில்வித்தைப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றில் 58 அங்குல நாண் என்று தேடி வாங்கியதுதான் நான் செய்த முதல் தவறு. வில்லில் 58 என்று எழுதியிருக்கிறது, ஆகவே நாணும் 58 என்று எண்ணிவிட்டேன். வந்த நாணின் ஒரு கண்ணியை மேல் நுனியிலும் மற்றொன்றைக் கீழ் நுனியிலும் மாட்டியபோது, வில்லை வளைக்க வேண்டிய தேவையே இல்லாமல் அது கொடியில் காயும் துணியைப் போலத் தொய்ந்து கிடந்தது. வில்லின் மீது எழுதப்பட்டிருப்பது வில்லின் நீளம். நாண் ஏற்றாத நிலையில், வில்லின் முதுகுப்புறத்தில், வளைவுகளை ஒட்டியே நாடாவை ஓடவிட்டு, ஒரு நுனியில் நாண் அமரும் வெட்டான குதையிலிருந்து மறு நுனியின் குதை வரை அளந்தால் கிடைக்கும் நீளம் அது. ரிகர்வ் வில்லுக்கு உண்மையான நாண் அதைவிடச் சுமார் 4 அங்குலம் குறைவாக இருக்கும். அதாவது 58 அங்குல வில்லுக்கு ஏறத்தாழ 54 அங்குல நாண். குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஏ.எம்.ஓ. என்று சுருக்கமாகக் குறிக்கப்படும் அமெரிக்க உற்பத்தியாளர் சங்க அளவுமுறையைப் பின்பற்றும் கடைகள் நாணின் உறையிலும் வில்லின் நீளத்தையே அச்சிடுகின்றன; அங்கே 58 என்று கேட்டால் 54 அங்குல நாண் வரும். வேறு சில கடைகள் நாணின் உண்மை நீளத்தை அச்சிடுகின்றன. அங்கே 58 என்று கேட்டால் 58-தான் வரும். ஆகவே எண்ணை மட்டும் சொல்லிப் பயனில்லை. அந்த எண் வில்லின் நீளமா நாணின் நீளமா என்பதைக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கட்ட வேண்டும்.

பழைய நாணையே அளந்து பார்க்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அளந்தேன், ஆனால் அதை முழுமையாக நம்பவில்லை. பல ஆண்டுகள் இழுபட்ட நாண் நீண்டிருக்கும், முறுக்கு அவிழ்ந்திருக்கும், போதாக்குறைக்கு அது அந்த வில்லோடு வந்த நாண்தானா, துரை இடையில் மாற்றியதா என்பதும் தெரியாது. நாணின் நீளத்தை முறையாக அளப்பவர்கள் அதை இரண்டு ஆணிகளுக்கிடையே 100 பவுண்டு விசையில் இழுத்து வைத்துத்தான் அளக்கிறார்கள். மேசைமீது நீட்டி வைத்து எடுக்கும் அளவுக்கும் அதற்கும் வேறுபாடு இருக்கும்.

நீளம் தவறினால் உடனே தெரிந்துவிடும். தெரிந்தவுடன் கழற்றி வைத்துவிடலாம். நாண் எதனால் செய்யப்பட்டது என்பதில் தவறினாலோ, வில் விரிசல் விட்ட பிறகுதான் தெரியும். என் இரண்டாவது தவறு அங்கே நிகழ்ந்திருக்க வேண்டியது, நல்லவேளையாகத் தப்பினேன். நம் நாட்டுக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் நாண்கள் பெரும்பாலும் போட்டிகளுக்கான 66, 68, 70 அங்குல வில்களுக்கு உரியவை. அவை டைனீமா, ஸ்பெக்ட்ரா போன்ற பெயர்களில் வரும், மிகக் குறைவாக நீளும் பாலிஎத்திலீன் இழைகளால் ஆனவை. பாஸ்ட் பிளைட் என்ற பெயரில் எண்பதுகளில் பரவத் தொடங்கிய வகையும் இதுதான். நான் தொலைபேசியில் பேசிய ஒரு விற்பனையாளர், இந்த வகையில் 54 அங்குலத்துக்கே செய்து தருவதாகவும், அது எல்லா வில்லுக்கும் பொருந்தும், அம்பு வேகமாகப் போகும் என்றும் சொன்னார். வேகமாகப் போகும் என்பது உண்மை. எல்லா வில்லுக்கும் பொருந்தும் என்பது உண்மையன்று.

வில்லை இழுத்து விடும்போது, கைகளில் சேர்ந்திருக்கும் ஆற்றலில் பெரும்பகுதியை அம்பு எடுத்துக்கொண்டு போகிறது. மிச்சம் வில்லிலேயே தங்குகிறது. முன்னோக்கிப் பாயும் கைகளை நாண் ஒரே இழுப்பில் தடுத்து நிறுத்தும் அந்தக் கணத்தில், மிச்ச ஆற்றல் முழுவதும் நாணின் கண்ணி அமர்ந்திருக்கும் நுனிகளில் வந்து மோதுகிறது. டாக்ரான் என்ற பாலியெஸ்டர் இழையால் ஆன நாண் அந்த அடியில் சற்று நீண்டு கொடுக்கிறது. பேருந்து திடீரென நிற்கும்போது முழங்கையை மடக்கித் தாங்கிக்கொள்பவர்போல. டைனீமா வகை நாண் அதில் பாதிகூட நீளுவதில்லை. அடி அப்படியே நுனிக்கு இறங்குகிறது. போதாததற்கு, அந்த இழை மெல்லியது, வலுவானது என்பதால் குறைந்த எண்ணிக்கையில் போட்டாலே போதுமாகிவிடுகிறது. விளைவாகக் கண்ணியும் மெல்லியதாகி, மரத்தில் கம்பிபோல் பதிகிறது. இன்றைய வில்களின் நுனிகளில் இதைத் தாங்குவதற்கென்றே கடினமான அடுக்குகளை வைத்து ஒட்டுகிறார்கள். 1990-க்கு முன் செய்யப்பட்ட பெரும்பாலான வில்களில் அந்தப் பாதுகாப்பு இல்லை, ஏனெனில் அவை டாக்ரானை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நுனி பிளப்பது, ஒட்டிய அடுக்குகள் பிரிவது ஆகியவை அப்படித்தான் தொடங்குகின்றன. கண்ணியில் கூடுதல் இழை சேர்த்துத் தடிப்பாக்கிவிட்டால் புதுவகை நாணையும் பழைய வில்லில் ஏற்றலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்களில் அனுபவசாலிகளும் இருக்கிறார்கள். தடிப்பான கண்ணி மரத்தை வெட்டாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாண் கைகளை நிறுத்தும்போது விழும் அடியை அது குறைப்பதில்லை. மீண்டும் வாங்க முடியாத ஒரு வில்லில், விநாடிக்குச் சில அடி வேகத்துக்காக அந்தச் சோதனையைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. வில்லுக்கும் நாணுக்கும் இடையில் ஏதேனும் ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டுமென்றால், அது நாணாகத்தான் இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுச் சேட்டன் குமுளியில் மீன்பிடி சாமான்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். நாண் தேடுகிறேன் என்றதும் அவருக்கு முதலில் புரியவில்லை; பிறகு, “ஞாணா?” என்று கேட்டுச் சிரித்தார். மலையாளத்தில் இன்றும் ஞாண்தான். நம்மிடமும் பழைய வடிவம் அதுவே. குழந்தையின் இடுப்பில் கட்டும் அரைஞாணில் மட்டும் அது அப்படியே தங்கிவிட்டது. அவர் அன்போடு எடுத்துக் காட்டியது பின்னல் தூண்டில் நூல். மிக வலுவானது, மழைக்கும் ஒன்றும் ஆகாது, இதையே பல இழையாகச் சேர்த்துத் திரித்துக்கொள் என்றார். வலுவானது என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தப் பின்னல் நூல்களில் பெரும்பாலானவை நான் மேலே சொன்ன அதே பாலிஎத்திலீன் இழையால் ஆனவை என்பதால், வேறொரு பெயரில் அதே ஆபத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதாகத்தான் முடிந்திருக்கும். ஒற்றை இழை நைலானோ இதற்கு நேர்மாறு. அது தேவைக்கு மேல் நீண்டு, நனைந்தால் இன்னும் தளர்ந்து, ஒவ்வொரு அம்பையும் ஒவ்வொரு விதமாக அனுப்பும். டாக்ரானோ நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். ஆண்டில் பாதி நாள் ஈரத்திலேயே இருக்கும் எங்கள் மலைக்கு அது பொருத்தமானதாகவும் அமைந்துவிட்டது.

ஆகவே டாக்ரான் என்பது உறுதியாயிற்று. முன்பு பி-50 என்ற பெயரில் எங்கும் புழங்கிய நூல் இப்போது பி-55 என்ற பெயரில் கிடைக்கிறது. 54 அங்குலத்துக்கு ஆயத்தமாகச் செய்த டாக்ரான் நாண் கிடைக்காததால், நூலையே ஒரு உருளையாக வரவழைத்து நானே திரிப்பது என்று முடிவு செய்தேன். அடுத்த கேள்வி, எத்தனை இழை என்பது. பி-50 இழை ஒன்று ஏறத்தாழ 50 பவுண்டு தாங்கும். கணக்குப் பார்த்தால் 45 பவுண்டு வில்லுக்கு நான்கைந்து இழைகளே போதும்போல் தோன்றும். ஆனால் நாண் கைகளை நிறுத்தும் கணத்தில் அதன்மீது விழும் விசை இழுக்கும் விசையைவிடப் பல மடங்கு. இழை குறைந்தால் நாண் மிகையாக நீளும், கண்ணி மெல்லியதாகும், விரைவில் தேயும். இழை கூடினால் நாண் கனக்கும். நாணின் எடையில் மூன்றில் ஒரு பங்கை அம்போடு சேர்த்துச் சுமப்பதற்கு ஒப்பாக வில் அதை உணரும் என்பதால் அம்பு மந்தமாகும். 40 பவுண்டுக்கு உட்பட்ட வில்லுக்கு 12 இழை, 45 முதல் 55 பவுண்டு வரை 14, அதற்கு மேல் 16 என்பது டாக்ரானுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கெட்டுப்போன பழைய நாணின் நடுச்சுற்றை அறுத்து எண்ணிப் பார்த்தேன். அதிலும் 14 இழைகள் இருந்தன. அந்த நாண் எனக்குச் செய்த கடைசி உதவி அது.

நாணைக் கட்டும் முறையில் இரண்டு வகை உண்டு. ஒரே நூலை இரண்டு முளைகளுக்கிடையே சுற்றிச் சுற்றி வளையமாக்கி, கண்ணிகளின் மேல் வேறு நூலைச் சுற்றிச் செய்வது எண்ட்லெஸ் லூப். இழைகளை இரண்டு புரிகளாகப் பிரித்து, முனைகளை ஒன்றோடொன்று திரித்தே கண்ணியாக்குவது பிளெமிஷ் முறுக்கு. முன்னது அளவில் துல்லியமானது. ஆனாலும் நான் பிளெமிஷ் முறுக்கையே தேர்ந்தேன். கண்ணி இருக்குமிடத்தில் இழைகள் இரட்டிப்பாகித் தடிப்பது ஒரு காரணம். நீளம் கால் அங்குலம் முன்பின் ஆகிவிட்டாலும் முறுக்கைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்ய இடம் மிகுதியாக இருப்பது மற்றொரு காரணம். முதன்முறையாகத் திரிப்பவனுக்கு அந்த இடம் மிகவும் தேவை. திரிக்கும் முறையோ நம் வீடுகளில் மாட்டுக்கயிறு திரித்தவர்கள் அறிந்ததுதான்: ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டே, இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கமாகப் புரட்டிச் செல்ல வேண்டும், ஒரு முறுக்கு அவிழ முயலும்போது மற்றது அதைப் பிடித்துக்கொள்ளும். பலகையில் ஆணிகள் அடித்து, ஏழு இழைகளை ஒரு நிறத்திலும் ஏழு இழைகளை மற்றொரு நிறத்திலும், ஒவ்வொன்றும் தேவையான நீளத்தைவிட ஒன்றரை அடி கூடுதலாக, முனைகள் ஒரே இடத்தில் முடியாமல் படிப்படியாகக் குறையும்படி வெட்டிக்கொண்டேன். முனைகள் ஒரே இடத்தில் முடிந்தால் அங்கே நாண் திடீரென மெலிந்து, தேய்மானம் அந்த இடத்தைத்தான் முதலில் தேடி வரும். மலைத்தேன் விற்பவரிடம் வாங்கிய தேன்மெழுகை முனைகளில் நன்றாகத் தேய்த்த பிறகே முறுக்கத் தொடங்கினேன். மேல் கண்ணி சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும், ஏனெனில் நாணைக் கழற்றும்போது அது வில்லின் கைமீது வழுக்கி இறங்க வேண்டும். கீழ்க்கண்ணி குதையில் இறுக்கமாக அமரும் அளவுக்குச் சிறிதாக இருந்தால் போதும். முதல் நாண் மூன்று முறை பிரித்துத் திரிக்கப்பட்டது. நான்காம் முறை கண்ணிகள் ஒழுங்காக வந்தன.

அதன்பின் நடுவில் அம்பு அமரும் இடத்தில் நைலான் நூலைச் சுற்றினேன். இதைச் சர்விங் என்பார்கள். இதன் தடிப்பு அம்பின் அடிப்பிளவுக்கு ஒத்து வர வேண்டும். அம்பை நாணில் மாட்டி, கீழ்நோக்கித் தொங்கவிட்டு, நாணை விரலால் மெல்லத் தட்டினால் அம்பு விழ வேண்டும்; தட்டாமல் விழுந்தால் பிடிப்புப் போதாது, தட்டியும் விழாவிட்டால் பிடிப்பு மிகை. பிடிப்புப் போதாத அம்பு இழுக்கும்போதே நாணை விட்டு நழுவி, அம்பில்லாமல் நாணை விட்டதாகவே முடியலாம். அம்பு எடுத்துக்கொள்ள வேண்டிய ஆற்றல் முழுவதும் அப்போது வில்லுக்கே திரும்பும் என்பதால், பழைய வில்லுக்கு அதைவிடப் பெரிய கேடு வேறில்லை.

நாண் ஆயத்தமான பிறகும் உடனே ஏற்றவில்லை. பஞ்சுத் துண்டு ஒன்றை வில்லின் கைகளின் இருபுறமும் விளிம்பிலும் மெல்ல இழுத்துக்கொண்டே போனேன். எங்கேனும் பிசிறில் பஞ்சு சிக்கினால் அங்கே விரிசல் இருக்க வாய்ப்புண்டு. குதைகளின் உட்புறத்தையும் விளக்கொளியில் பார்த்தேன். அங்கே கூரான விளிம்பு இருந்தால் எவ்வளவு நல்ல நாணும் சில நாளில் அறுந்துபோகும். அப்பா வில்லைக் காலிடையே நுழைத்து, தொடையில் அழுத்தி வளைத்து நாணேற்றுவார். அவர் கைக்கு அது வசப்பட்டிருந்தது. ஆனால் அந்த முறையில் வில்லின் ஒரு கை சற்றே பக்கவாட்டில் திருகிக்கொள்ள நேர்ந்தால், ரிகர்வ் வில் நிரந்தரமாகக் கோணிவிடும். இரு நுனிகளிலும் தோல் உறை மாட்டி, இடையில் கயிற்றைக் காலால் மிதித்து, கைப்பிடியை மேலே தூக்கி வளைக்கும் ஸ்டிரிங்கர் கயிற்றையே நான் பயன்படுத்துகிறேன்.

ஏற்றியவுடன் கைப்பிடியின் ஆழமான பகுதியிலிருந்து நாணுக்குள்ள இடைவெளியை அளந்தேன். பிரேஸ் ஹைட் என்பார்கள் இதை. இந்த அளவு வில்லுக்கு 7½ முதல் 8¼ அங்குலத்துக்குள் இருப்பது நல்லது. எனக்கு முதலில் 7 அங்குலம்கூட வரவில்லை. அம்பு விடும்போது நாண் முழங்கையின் உட்புறத்தில் அடித்தது, ஓசையும் அதிர்வும் கையில் ஏறின. நாணைக் கழற்றிச் சில முறுக்குகள் கூட்டி மீண்டும் ஏற்றினேன். புதிய டாக்ரான் நாண் முதல் ஐம்பது, நூறு அம்புகள் வரை மெல்ல நீண்டுகொண்டே இருக்கும் என்பதால், ஒவ்வொரு நாளும் தொடங்கும்முன் அளந்து, குறைந்திருந்தால் மீண்டும் முறுக்க வேண்டியிருந்தது. முறுக்குவதற்கும் எல்லை உண்டு. மிகையாக முறுக்கிய நாண் சுருள்கம்பியைப் போலத் தானே நீளத் தொடங்கிவிடும். அந்த நிலை வந்தால் முறுக்கைக் கூட்டிக்கொண்டே போகாமல், சற்றுக் குட்டையான வேறொரு நாணைத் திரிப்பதே சரி. நெடுநாள் நாணேறாமல் கிடந்த வில் என்பதால், முதல் இரண்டு வாரம் அரை இழுப்புக்கு மேல் போகவில்லை. கம்பத்திலிருந்து வந்த வைக்கோல் கட்டை வெகு அருகில் நிறுத்தி, அங்குலம் அங்குலமாகவே இழுப்பைக் கூட்டினேன்.

நாண் 7¾ அங்குலத்தில் நிலைத்து நின்ற அன்று, ஓசை மாறியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. சடசடவென்ற அதிர்வு போய், அடங்கிய ஒரு முழக்கம் மட்டும் நின்றது. கைப்பிடியில் அதிர்வே இல்லை. அதன் பிறகுதான், அம்பை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மாட்டுவதற்கு அடையாளமான பித்தளை வளையத்தை, அம்பு நாணுக்குச் செங்குத்தாக அமரும் புள்ளிக்கு அரை அங்குலம் மேலே நாணில் நெருக்கிப் பொருத்தினேன். நாண் நீண்டுகொண்டிருக்கும்போதே பொருத்தியிருந்தால் அதுவும் இடம் மாறிக்கொண்டே இருந்திருக்கும்.

இப்போது அதே 14 இழைகளில், அதே இரு நிறங்களில் இரண்டாவது நாணையும் திரித்து முடித்திருக்கிறேன். அதையும் இந்த வில்லிலேயே ஏற்றி, நூறு அம்புகள் விட்டு நீட்டம் அடங்கிய பிறகு, பித்தளை வளையத்தையும் பொருத்தி, கழற்றி, மெழுகு தடவி, மூடியுள்ள தகர டப்பாவில் வைத்துவிடப்போகிறேன். வில் இனிப் பரணில் இருக்காது. கூடத்துச் சுவரில் நாண் கழற்றிய நிலையில் இரண்டு மரமுளைகளின்மேல் படுக்கையாக வைத்திருக்கிறேன்.